.308 கேஸ் சைஸ் செய்த பிறகுதான் சேம்பரில் இறுகுகிறது, அதற்கு முன்பு இறுகவில்லை. ஏன்?

கேள்வி:

ரீலோடிங் (சுட்ட பித்தளை கேஸை மீண்டும் தோட்டாவாக்குவது) இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். உரிமம் உள்ள போல்ட் ஆக்ஷன் ரைஃபிள், .308 வின்செஸ்டர். வீட்டில் ரீலோட் செய்யவும் சட்டப்படி அனுமதி இருக்கிறது. இன்னும் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து) எதையும் தொடவில்லை, காலி கேஸ்களோடு மட்டும்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். என் ரைஃபிளில் சுட்ட கேஸை அப்படியே திரும்ப சேம்பரில் (தோட்டா உட்காரும் குழி) வைத்தால் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) சுலபமாக மூடுகிறது. அதே கேஸை ஃபுல் லெங்த் டையில் (கேஸ் முழுவதையும் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) சைஸ் செய்துவிட்டு வைத்தால் கைப்பிடி பாதியில் நின்று, அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கிறது. சைஸ் செய்தால் கேஸ் சின்னதாகத்தானே ஆக வேண்டும்? டையில் குறையா, பிரஸ்ஸில் (டையை மாட்டிக் கேஸை அழுத்தும் கருவி) குறையா, நான் மாட்டிய விதத்தில் குறையா என்று பிடிபடவில்லை. லூப் (மசகு) போட்டுத்தான் சைஸ் செய்தேன், எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை.

பதில் 1:

முதலில் கழுத்து நீளத்தைப் பாருங்கள். சைஸ் செய்யும்போது பித்தளை முன்னால் நீளும். .308க்கு கேஸின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிக் கொண்டுவர வேண்டிய அளவு 2.005. அதைத் தாண்டியிருந்தால் கழுத்தின் வாய் சேம்பர் முனையில் போய் முட்டும். கேஸ் இறுகுவதோடு இது போகாது, தோட்டாவாகச் சுடும்போது வாய் புல்லட்டை நெரித்துப் பிடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் இந்த அளவை எப்போதும் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (பிரைமரை அடிக்கும் ஊசி) எஜெக்டரையும் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் துண்டு) கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஸ்பிரிங் இருக்கும்போது கைக்குத் தெரியும் இறுக்கத்தில் ஒரு பங்கு அதனுடையதாகவே இருக்கும்.

பதில் 2:

நீளத்தைப் பாருங்கள், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குத் தோன்றுவது வேறு. டை போதுமான அளவு கீழே இறங்கவில்லை. டையில் குறை இருக்க வாய்ப்பு குறைவு.

கேஸ் டைக்குள் ஏறும்போது முதலில் அமுங்குவது அதன் உடல். தோளை (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) டை இன்னும் தொட்டிருக்காது. பக்கவாட்டில் நெருக்கப்பட்ட பித்தளை எங்காவது போக வேண்டும், அது முன்னால் போகிறது, அதோடு தோளும் முன்னால் நகர்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே ஏறி டையின் உட்தோள் கேஸின் தோளில் முட்டிய பிறகுதான் அது பின்னால் தள்ளப்படும். நடுவிலேயே நின்றுவிட்டால் சுட்டபோது இருந்ததைவிட தோள் முன்னால் நிற்கும். உடல் சின்னதாகியிருக்கும், ஆனால் அடியிலிருந்து தோள் வரையான தூரம் கூடியிருக்கும். அதனால்தான் சைஸ் செய்த பிறகு இறுகுகிறது. இது புதிதாகத் தொடங்குபவர்கள் நிறையப் பேருக்கு வரும் குழப்பம்.

கம்பாரேட்டர் இருக்கிறதா? வெர்னியர் காலிப்பரில் மாட்டி, தோளின் நடுவைத் தொட்டு அளக்கும் துண்டு. இருந்தால் சுட்ட கேஸ் ஒன்றையும் சைஸ் செய்த கேஸ் ஒன்றையும் அளந்து சொல்லுங்கள். சுட்ட கேஸிலிருந்து பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரைமர் மேடு அளவைக் கெடுக்கும்.

கேட்டவர்:

அளந்துவிட்டேன். முழு நீளம் 2.009, அதில் பிரச்சினை இல்லை. கம்பாரேட்டரில் சுட்ட கேஸ் 1.631, சைஸ் செய்தது 1.635. நீங்கள் சொன்னதுபோலவே தோள் முன்னால்தான் போயிருக்கிறது. ஆனால் ஷெல் ஹோல்டரை (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) தொடும்வரை டையை இறக்கித்தான் பூட்டினேன், அப்புறம் எப்படி?

பதில் 2:

ராம் (ஷெல் ஹோல்டரை மேலே ஏற்றும் பிரஸ்ஸின் தண்டு) கேஸ் இல்லாமல் சும்மா மேலே இருக்கும்போது தொடும். கேஸ் உள்ளே போய் விசை ஏறும்போது பிரஸ்ஸே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கேஸை வைத்து ராமை முழுவதும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே பாருங்கள், வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியால்தான் உங்கள் தோள் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு முன்னால் நிற்கிறது.

டையை மிகச் சிறிது சிறிதாக இறக்குங்கள். சாதாரண டை மரை ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று, அதாவது முழுச் சுற்றுக்கு 0.071 அங்குலம். நமக்குத் தேவை அதில் ஒரு துளிதான் என்பதால் கடிகார முள் நகர்வதுபோலத் திருப்பினால் போதும். ஒவ்வொரு முறையும் அளக்கவும், சேம்பரில் வைத்துப் பார்க்கவும். போல்ட் ஆக்ஷனுக்குச் சுட்ட அளவைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு குறைந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது 1.629 அல்லது 1.630.

பதில் 3:

"இன்னும் கொஞ்சம் இறக்கினால் இன்னும் நன்றாக மூடும்" என்று போய்விட வேண்டாம், இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். தோளை அதிகம் பின்னால் தள்ளினால் கேஸ் சேம்பரில் தளர்வாக நிற்கும். சுடும்போது கேஸின் சுவர் சேம்பரைக் கவ்விக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னால் போய் போல்ட்டில் சாயும். அந்த இழுப்பை எல்லாம் அடிக்குச் சற்று மேலே ஒரு வளையம் தாங்குகிறது. ஒவ்வொரு முறையும் அங்கே சுவர் மெலிந்து, ஒருநாள் கேஸ் இரண்டாகும். முன்பாதி சேம்பரிலேயே இருக்க, சூடான வாயு பின்னால் முகத்தை நோக்கி வரலாம்.

வெளியே அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, கேஸுக்குள் விட்டு சுவரோடு உரசி மேலே இழுங்கள். அடிக்கு மேல் ஒரு பள்ளத்தில் கொக்கி தடுக்கினால் அந்த கேஸை நசுக்கிப் போட்டுவிடுங்கள். பித்தளை என்ன விலை என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது.

பதில் 4:

ஒரே ரைஃபிள்தான் என்றால் கழுத்தை மட்டும் சைஸ் செய்தால் போதாதா? தோளைத் தொடவே வேண்டியதில்லை.

பதில் 2:

சில சுற்றுக்கு ஓடும். ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக சேம்பரின் அளவை நெருங்கிக்கொண்டே வரும், கடைசியில் எப்படியும் போல்ட் இறுகும். தொடங்குபவருக்கு ஃபுல் லெங்த்தை சரியான அளவில் வைக்கக் கற்றுக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. வேறு ரைஃபிளில் சுட்ட கேஸ் கைக்கு வந்தால் அப்போதும் இது வேண்டும்.

கேட்டவர்:

1.629இல் நிறுத்தினேன். ஃபயரிங் பின் இல்லாமல் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழுகிறது. கம்பிச் சோதனையிலும் எதிலும் தடுக்கவில்லை. மிக்க நன்றி. அடுத்து என்ன செய்யலாம்?

பதில் 1:

லூப்பைத் துடைத்து எடுங்கள், சேம்பரில் அது இருப்பது நல்லதல்ல; சைஸ் செய்யும்போதும் அது அதிகமாகித் தோளில் தேங்கினால் கேஸின் தோளில் பள்ளம் விழும். அப்புறம் பிரைமரும் பவுடரும் இல்லாமல் ஒரு கேஸில் புல்லட்டை மட்டும் இருத்தி, மேகசினில் போகிறதா, சேம்பரில் முட்டாமல் மூடுகிறதா என்று பாருங்கள். கேஸின் பக்கத்தில் ஒரு துளை போட்டுவிட்டால் நிஜத் தோட்டாவோடு கலக்காது.

பவுடருக்கு வரும்போது அதைத் தயாரித்தவர் வெளியிட்ட அட்டவணையை மட்டும் நம்புங்கள், இங்கே யாராவது அளவு சொன்னாலும் எடுக்காதீர்கள். தொடக்க அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா இருக்கட்டும். தராசு கிரெய்னில் இருக்கிறதா கிராமில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன்.

பதில் 3:

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பிரைமரைத் தொடும் எல்லா நேரமும்.