புரக்சிசம்: ‘பல் அரைத்தல்’ போதாது

அன்பின் நண்பர்களுக்கு,

மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போயிருக்கும் பிள்ளைகளுக்கான வினாக்கொத்தில், புரக்சிசம் (bruxism: தூக்கத்திலோ விழிப்பிலோ பல்லைக் கடிப்பது, அரைப்பது, தாடையை இறுக்குவது) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பல் அரைத்தல்’ என்று போடலாம் என அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரைத்தல் என்றால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் உராய வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். 2013இல் வல்லுநர்கள் உடன்பட்டு வகுத்த வரையறையோ பல்லை அரைப்பது, இறுகக் கடிப்பது, தாடையை விறைப்பாக வைத்திருப்பது, முன்தள்ளுவது எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் கொண்டுவருகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பகல் முழுக்கச் சத்தமே இல்லாமல் பல்லை இறுக்கிக்கொண்டிருக்கலாம். ‘பல் அரைப்பீர்களா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் எழுதும். கணக்கிலேயே வராமல் போய்விடும்.

அக்கா சொன்ன ‘தாடை இறுக்கம்’ வாயைத் திறக்க முடியாமல் போகும் நிலையைக் குறிப்பதாகிவிடும். அது வேறு சங்கதி.

என் தெரிவு ‘பற்கடிப்பு’. தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அம்மாமார் ‘பிள்ளை தூக்கத்துல பல்லைக் கடிக்குது, பூச்சி மருந்து குடுக்கணும்’ என்பார்கள். வயிற்றுப் பூச்சி விஷயம் இருக்கட்டும், வினைச்சொல் சரியானது. கோபத்தில் நறநறவென்று கடிப்பதும் கடிப்புத்தான், கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதும் கடிப்புத்தான். சத்தம் உள்ளதும் இல்லாததும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

2018இல் வெளியிட்ட அறிக்கையில் வல்லுநர்கள் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் தனித்தனி வரையறை தந்தார்கள். ஆகவே ‘தூக்கப் பற்கடிப்பு’, ‘விழிப்புப் பற்கடிப்பு’ என்று பிரிக்கலாம். ‘நோய்’, ‘கோளாறு’ என்று எதையும் பின்னால் ஒட்ட வேண்டாம். மற்றபடி நலமாக இருப்பவரிடம் இதைக் கோளாறாகக் கொள்ளாமல் ஒரு நடத்தையாகவே பார்க்க வேண்டும் என்பது அந்த 2018 அறிக்கையின் நிலைப்பாடு. நோய் என்று அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம், வினாக்கொத்தில் வரும் ‘காரணிகள்’ என்ற சொல். மனஅழுத்தம், பதற்றம், புகைத்தல், மது, கண்விழித்துக் குடிக்கும் கோப்பி, சிலவகை மனச்சோர்வு மருந்துகள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவை பற்கடிப்போடு சேர்ந்து காணப்படுகின்றன. ஒருமுறை எடுக்கும் வினாக்கொத்தை வைத்து எது எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ‘காரணி’ என்றதும் வாசிப்பவர் காரணம் என்றே எடுத்துக்கொள்வார். ‘உடன்காணும் கூறுகள்’ என்று போடலாமா? நீளம்தான், ஆனால் தவறாக விளங்கிக்கொள்ள இடம் தராது.

கேள்விகளை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘நீங்கள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக அறையில் கூட இருப்பவர் சொல்லியிருக்கிறாரா?’

‘காலையில் எழும்போது தாடையோ நெற்றிப்பொட்டோ வலிக்கிறதா?’

‘சாப்பிடாத நேரத்தில், விழித்திருக்கும்போதே, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் அழுந்தியபடி இருப்பதைக் கவனித்ததுண்டா?’

யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘நித்திரை’ என்று மாற்றச் சொல்வீர்கள். ஹட்டன், பதுளைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வது தூக்கம்தான், அதை மாற்ற வேண்டாம். ‘அழுந்தியபடி’ என்பதற்கு இன்னும் இலகுவான சொல் இருந்தால் எழுதுங்கள்.