உதவி: 4294967297 முதன்மை எண்ணா?

கல்லடி மாணவி: அவசரம். 4294967297 முதன்மை எண்ணா இல்லையா? நான் எழுதின ப்ரோக்ராம் முதன்மை என்று காட்டுது, சேர் இல்லை என்கிறார். நாளைக்கு ஒப்படை கொடுக்கணும். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வாழைச்சேனை: எந்த மொழி? எண்ணை எப்படிக் கொடுத்தீர்கள்? திரையில் என்ன வந்தது? ப்ரோக்ராம் கோட் (code) போடாமல் என்னத்தைச் சொல்ல?

அக்கரைப்பற்று பைதன்: தங்கச்சி, முதன்மைதான். 2 ஐ 4294967296 ஆம் வலுவுக்கு உயர்த்தி இந்த எண்ணால் வகுத்துப் பார்த்தேன், மீதி 1. கணிதவியலாளர் பெர்மாவின் சிறிய தேற்றம் பாஸ்.

பழைய கணித ஆசிரியர்: இதை எத்தனை தடவைதான் சொல்வது? முதன்மை என்றால் மீதி 1 வரும். மீதி 1 வந்தால் முதன்மை என்று எந்தத் தேற்றமும் சொல்லவில்லை. இந்த எண் 2 இன் 32 ஆம் வலுவோடு 1 கூட்டியது, அந்த 32 உம் 2 இன் வலுதான். இந்த வகை எண் எல்லாமே 2 வைத்த சோதனையில் தப்பிவிடும். 3 வைத்துப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537 முதன்மையாக இருந்ததால் மிச்சமும் அப்படித்தான் என்று பெர்மாவே நம்பினார். கோல்ட்பாக் என்ற கணிதவியலாளர் 1729 இல் அதை இன்னொரு கணிதவியலாளரான ஒயிலரிடம் கடிதத்தில் கேட்க, 1732 இல் ஒயிலர் இந்த எண்ணை 641 ஆல் மீதியின்றி வகுத்துக் காட்டினார். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து பதில் எழுதுங்கள்.

ஏறாவூர்: கையாலேயே காட்டலாம் தங்கச்சி. 641 = 5×128+1. ஆகவே 5×128 ஐ 641 ஆல் வகுத்தால் மீதி −1. நாலாம் வலுவுக்கு உயர்த்தினால் 625 × (2 இன் 28 ஆம் வலு), மீதி 1. 641 = 625+16 என்பதால் 625 க்குப் பதில் −16 போடலாம். அப்போது 2 இன் 32 ஆம் வலுவின் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம். என்ன அழகு!

கல்லடி மாணவி: சி மொழி. எண்ணை ப்ரோக்ராம் கோட்டுக்குள்ளேயே எழுதினேன், மாறியின் வகை அன்சைன்ட் இன்ட் (unsigned int). "1 முதன்மை எண்" என்று வருது.

வாழைச்சேனை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அன்சைன்ட் இன்ட் 32 பிட், அதில் கொள்ளக்கூடிய ஆகப் பெரிய எண் 4294967295. உங்களுடையது அதைவிட 2 கூட, சுற்றி வந்து 1 ஆகிவிட்டது. கம்பைலர் எச்சரித்திருக்குமே? இன்னும் பெரிய எண் கொள்ளும் அன்சைன்ட் லோங் லோங் (unsigned long long) ஆக்குங்க, வகுக்கிற மாறியையும் சேர்த்து. 2 ஐ விடச் சிறியது முதன்மை இல்லை என்று ஒரு நிபந்தனையும் போடுங்க.

அக்கரைப்பற்று பைதன்: 1 ஐ முதன்மை என்றால் என்ன குறை? கோல்ட்பாக்கே அப்படித்தானே எண்ணினார்.

பழைய கணித ஆசிரியர்: அப்போது 6 = 2×3, 1×2×3, 1×1×2×3. முதன்மைக் காரணிகளாக ஒரே வழியில்தான் பிரிக்கலாம் என்ற தேற்றத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்கரைப்பற்று பைதன்: வரைவிலக்கணம் நாங்கள் வைத்துக்கொண்டதுதானே சேர்.

ஏறாவூர்: அதற்குத் தனி இழை தொடங்குங்க. பிள்ளைக்கு வேலை முடிந்ததா?

கல்லடி மாணவி: 641 × 6700417 வந்துட்டு. நன்றி அண்ணா.