எடை இறங்கியதும் ஊசியை நிறுத்தலாமா?

கொங்குவாசி:
பசியைக் குறைச்சு எடையை இறக்குற ஊசி மருந்துங்களான செமாகுளூடைட், டிர்செபடைட் எதுவானாலும் ஆறு மாசம் போட்டு, எடை இறங்கினதும் நிறுத்திடணும். அதுக்குள்ள அளவாச் சாப்பிடப் பழகிடும். ஆயுசுக்கும் ஊசி குத்திக்கச் சொல்றது நியாயமே இல்ல.

மருந்தாளுநர்:
பசி பழக்கத்துக்குக் கட்டுப்படாதுங்க. மூளையில பசியை அடக்குறதே மருந்துதான். கடைசி ஊசி போட்டு அஞ்சு வாரத்துல செமாகுளூடைட் உடம்புல அநேகமா இருக்காது, பழைய பசி திரும்பிடும். செமாகுளூடைட்டைச் சோதிச்ச ஸ்டெப் 1 ஆய்வுல 68 வாரம் போட்டு நிறுத்தினவங்கள்ல ஒரு பகுதியினரை மேலும் ஒரு வருசம் கவனிச்சாங்க. ஆரம்ப எடையில 17.3 சதவீதம் இறங்கியிருந்துச்சு, அந்த 17.3-ல 11.6 திரும்ப ஏறிடுச்சு. நூறு கிலோ ஆள் 83 கிலோவுக்கு இறங்கி, மறுபடி 94-ஐ எட்டுற கணக்கு. பிரஷர் இறங்கிடுச்சுன்னு பிரஷர் மாத்திரையை நிறுத்துவோமா?

கொங்குவாசி:
இறங்கின எடையில தசையும் போகுதே, அதைச் சொல்லுங்க. ரெண்டு இட்லியோட வயிறு நிறைஞ்சுதுன்னு எழுந்துட்டா தசை எப்படி நிக்கும்?

மருந்தாளுநர்:
அது உண்மையான கவலைதான். தினம் எடை கிலோவுக்கு 1.2 கிராம் புரதம்னா 70 கிலோ ஆளுக்கு 84 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு. அதனால தட்டுல முட்டை, மீன், சுண்டல் முதல்ல, சோறு கடைசியில. வாரம் ரெண்டு நாளாவது எடை தூக்கணும். சிறுநீரகக் கோளாறு இருந்தா புரத அளவை டாக்டர்தான் சொல்லணும்.

வைகை:
சர்க்கரைக்காரங்களை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க அதே அளவுல இதையும் சேத்தா லோ சுகர் வரும். சாப்பாடு பாதியாகும், மாத்திரை பாதியாகாதே. ஆரம்பிக்கும்போதே டாக்டர்கிட்ட அதைக் குறைக்கக் கேக்கணும். விழித்திரைப் பரிசோதனையும் முன்னாடியே வேணும், சர்க்கரை சட்டுனு இறங்கினா ஏற்கெனவே இருக்குற விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம்.

கொங்குவாசி:
வாந்தியில சில பேர் அவங்களே விட்டுடுறாங்களே?

வைகை:
அவசரமும் ஒரு காரணம். டிர்செபடைட் 2.5 மி.கி.ல நாலு வாரம், அப்புறம் 5. அதுக்கு மேல ஏத்தணும்னா நாலு வாரத்துக்கு ஒருதரம் 2.5 கூட்டலாம். எடை இறங்கலைன்னு ரெண்டாவது வாரமே ஏத்துறதும், ராத்திரி பிரியாணி சாப்பிடுறதும் வாந்தியைக் கூட்டும். மேல்வயித்துல வலி நிக்காம முதுகுக்குப் பரவினா கணையமா இருக்கலாம். ஊசியை நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி. ஊசிப் பேனாவை ஃபிரீசர் பக்கத்துல வைக்காதீங்க, ஒருதரம் உறைஞ்சா உருகினாலும் தூக்கிப் போட்டுடணும்.

மருந்தாளுநர்:
கொங்குவாசி சொல்ற மாதிரி நிறுத்தியே ஆகவேண்டிய இடமும் இருக்கு: கர்ப்பத்துக்குத் திட்டமிடுறவங்க செமாகுளூடைட்டை ரெண்டு மாசம் முன்னாடியே விடணும். டிர்செபடைட் போடுறவங்க கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. தொடங்கி நாலு வாரமும், டோஸ் ஏத்துற ஒவ்வொரு தடவையும் நாலு வாரமும் ஆணுறையும் வேணும்.