க்ளையோமால மட்டும் இந்த சர்க்கரை என்சைம் ஏன் உல்டாவா இருக்கு?

பைபெட்வாசி:
செமினாருக்கு க்ளைகோசைல்ட்ரான்ஸ்ஃபெரேஸ் (சர்க்கரையை ஒட்டற என்சைம்) டாபிக் எடுத்தேன், ஒரு எடத்துல முட்டிக்கிச்சு. பெருங்குடல் கேன்சர்ல எஸ்டி6கால்1ங்கற அந்த வகை என்சைம் ஏறும், ஏறினா செல் பரவும்னு படிச்சேன், சரின்னு விட்டேன். இப்ப க்ளையோமாங்கற மூளைக் கட்டிக்கு வந்தா அதே என்சைம் பெரும்பாலும் ஆஃப், அந்த ஜீனை உள்ள போட்டா ஊடுருவறது குறையுதாம். நான் தப்பா படிக்கிறேனா?

கோல்ஜிக்காரன்:
சரியாத்தான் படிச்சிருக்கீங்க ப்ரோ. அது பண்றது ஒரே வேலை, சர்க்கரைச் சங்கிலி நுனியில இருக்கற கேலக்டோஸ்ல சியாலிக் ஆசிட்ங்கற சர்க்கரையை 2,6 பிணைப்புல ஒட்டும், அவ்ளோதான். எந்த செல்லுல எந்த புரோட்டீன் மேல ஒட்டுதுங்கறதுல தான் கதையே மாறுது. 1997 பேப்பர்ல யு373ங்கற க்ளையோமா செல்லுல ஜீனை போட்டாங்க, ஊடுருவல் குறைஞ்சது, ஆல்ஃபா3பீட்டா1 இன்டெக்ரின்ல (செல் வெளிய பிடிச்சுக்க உதவற புரோட்டீன்) சர்க்கரை மாறினதால செல்லோட பிடிமானமே மாறிடுச்சுங்கற மாதிரி விளக்கம் வரும். (யு373ன்னு பல லேப்ல ஓடினது யு251 தான்னு பின்னாடி தெரிஞ்சது தனி காமெடி.) எம்கேட்5 நேர் எதிர், அது சர்க்கரைச் சங்கிலியில பீட்டா1,6 கிளை போடற என்சைம், க்ளையோமால ஏறும், ஊடுருவலையும் கூட்டும். அப்புறம் கட்டி முழுக்க ஒரே மாதிரின்னு நெனைக்காதீங்க, ஸ்டெம் செல் மாதிரி நடந்துக்கற செல்லுங்கள்ல எஸ்டி6கால்1 நல்லாவே இருக்கறதாவும் வந்திருக்கு.

லெக்டின்ராணி:
ஒண்ணு சேத்துக்கறேன். ஆர்என்ஏ ஏறினா சர்க்கரையும் ஏறிடுச்சுன்னு செமினார்ல சொல்லிடாதீங்க, சர்க்கரைக்கு டிஎன்ஏ மாதிரி டெம்ப்ளேட் கெடையாது, என்சைம் இருந்தாலும் கோல்ஜிக்குள்ள (செல்லுல இந்த ஒட்டற வேலை நடக்கற எடம்) ஒட்டறதுக்கு ரெடியான சிஎம்பி-சியாலிக் ஆசிட் வரணும், அதே நுனிக்கு வேற என்சைம் போட்டிக்கும் நிக்கும். அதனால லெக்டின் (குறிப்பிட்ட சர்க்கரையில போய் ஒட்டற புரோட்டீன்) வெச்சு நேரா பாக்கணும். 2,6க்கு எல்டர்பெர்ரி பட்டையில எடுத்த எஸ்என்ஏ, எம்கேட்5 கிளைக்கு ராஜ்மா குடும்பத்து பிஹெச்ஏ-எல். ஆனா ப்ளாட்டை (புரோட்டீனை ஏத்தின மெம்ப்ரேன்) பால் பவுடர் போட்டு ப்ளாக் பண்ணிடாதீங்க, அதாவது காலி எடத்தை அதால மூடிடாதீங்க, பால்ல இருக்கற க்ளைகோபுரோட்டீன்லயே லெக்டின் போய் ஒட்டிக்கும், மெம்ப்ரேன் முழுக்க கறுப்பா நிக்கும், நான் மூணு நாள் அப்படி வீணாக்கிருக்கேன். சியாலிடேஸ் (சியாலிக் ஆசிட்டை வெட்டி எடுக்கற என்சைம்) போட்ட லேன் ஒண்ணு கண்டிப்பா ஓட்டுங்க, அதுல எஸ்என்ஏ சிக்னல் போகலன்னா நீங்க பாக்கறது சியாலிக் ஆசிட்டே இல்ல.

பைபெட்வாசி:
ஐயோ மேடம், எங்க லேப் ப்ரோட்டோகால்ல அஞ்சு பர்சன்ட் பால் பவுடர்னு தான் எழுதியிருக்கு, அந்த பழைய ப்ளாட் ஃபோட்டோ என் ஸ்லைடுலயே இருக்கு 🙈 இப்பவே தூக்கிடறேன்