கார்பன் டை ஆக்சைடு 5-ல் நிற்க மறுக்கிறது: பி.ஐ. ட்யூனிங் உதவி தேவை

செல்வளர்ப்பன்: செல் வளர்க்கும் பழைய 150 லிட்டர் இன்குபேட்டருக்கு நானே பி.ஐ. கன்ட்ரோலர் செய்தேன்; இப்போதைய குறையையும், இதுவரை குவிந்த குறையையும் (இன்டெக்ரல்) பார்த்து வால்வைத் திறக்கும். கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்தில் நிற்க வேண்டும். வாயு விடும் சொலினாய்டு (மின்காந்த) வால்வு முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர். திறந்து 40 விநாடி கழித்துத்தான் சென்சார் அசைகிறது. இந்த எண்களைக் கணக்கிடும் சீக்லர்-நிக்கோல்ஸ் விதிப்படி கெயின் 67 (1 சதவீதம் குறைந்தால் வால்வு 67 சதவீதம் திறக்கும்), இன்டெக்ரல் நேரம் 130 விநாடி (இது சின்னதானால் குவிந்த குறை வேகமாகச் சேரும்). கதவைத் திறந்து மூடினால் 6.4 வரை ஏறுகிறது, இறங்கக் கால் மணி நேரம் ஆகிறது. எதைக் குறைக்கட்டும்?

கன்ட்ரோல்ரூம்: அந்த 1942 விதி, ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகத் தேய்ந்தால் போதும் என்று போட்டது. ஏறி இறங்கத்தான் செய்யும். உங்கள் பெட்டியிலோ வால்வுக்குக் கொடுக்கத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. இறக்குவது கசிவு மட்டும்தான். முழு வால்வில் நிமிடத்துக்கு 2 சதவீதம் ஏறுகிறது, 40 விநாடி தாமதம். 2003-ல் நார்வேப் பேராசிரியர் ஸ்கோகெஸ்டாட் சொன்ன, இன்னும் நிதானமான விதியில் போட்டால் கெயின் 37, இன்டெக்ரல் 320 விநாடி.

சாலிடர்புகை: இன்டெக்ரலே வேண்டாம் அண்ணே. குழம்பில் உப்பைப் போட்டு, கலக்காமலே ருசி பார்த்து, மறுபடி உப்பு போடுகிற கதை இது. சென்சார் 2 காட்டினால் குறைவது நாலரை லிட்டர், அதாவது 90 விநாடி வால்வு. அதில் முக்கால் பங்கு கொடுத்துவிட்டு 2 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அப்புறம் பார்த்து மிச்சத்தைக் கொடுங்கள். முடிந்தது.

கன்ட்ரோல்ரூம்: குழம்பு கசியாது தம்பி, இது கசிகிறது. 6.4-லிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்தால் மணிக்கு ஏழரை லிட்டர் போல வெளியே போகிறது. அதை ஈடுகட்டவே வால்வு 4 சதவீத நேரம் திறந்திருக்க வேண்டும். அதைத் தானாகக் கண்டுபிடிப்பது இன்டெக்ரல்தான்.

சாலிடர்புகை: 4 சதவீதத்தை உங்கள் 37-ஆல் வகுத்துப் பாருங்கள். இன்டெக்ரல் இல்லாவிட்டால் 0.11 குறைவாக நிற்கும், அவ்வளவுதான். இவருடைய சென்சார் அதைவிட அதிகமாக ஆடும்.

கன்ட்ரோல்ரூம்: இன்றைக்கு 0.11. கதவு ரப்பர் தேய்ந்து கசிவு மூன்று மடங்கானால்? அதிருக்கட்டும், செல்வளர்ப்பன், கதவு திறந்திருக்கும்போது உங்கள் கன்ட்ரோலர் என்ன செய்கிறது?

செல்வளர்ப்பன்: ஒன்றும் செய்யவில்லை... அதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கன்ட்ரோல்ரூம்: அதுதான் விஷயம். வால்வு 100-ல் முட்டி நிற்க, இன்டெக்ரல் மட்டும் குவிந்துகொண்டே போகிறது. கதவில் ஒரு சுவிட்ச் வையுங்கள். திறந்தால் வால்வு மூட வேண்டும், இன்டெக்ரல் உறைய வேண்டும்.

சாலிடர்புகை: இன்டெக்ரலைக் காப்பாற்ற ஒரு சுவிட்ச்! சரி.

லேப்மூலை: நடுவே வருகிறேன். சென்சார் எங்கே இருக்கிறது?

செல்வளர்ப்பன்: வெளியே, ஈரம் படாமல். 3 மீட்டர் டியூப், உள் விட்டம் 4 மில்லிமீட்டர். சின்ன பம்ப், நிமிடத்துக்கு 100 மில்லி இழுக்கும்.

லேப்மூலை: டியூபுக்குள்ளேயே 38 மில்லி இருக்கிறது. உங்கள் 40 விநாடியில் 23 விநாடி அங்கேயே போய்விடுகிறது. ரெண்டு பேரும் கெயினுக்கு அடித்துக்கொள்கிறீர்கள், முதலில் டியூபை வெட்டுங்கள்.

செல்வளர்ப்பன்: சென்சாரைப் பெட்டியின் முதுகிலேயே ஒட்டிவிட்டேன். டியூப் 60 சென்டிமீட்டர். தாமதம் 22 விநாடி!

கன்ட்ரோல்ரூம்: அப்படியானால் அதே விதியில் கெயின் 68, இன்டெக்ரல் 176 விநாடி.

சாலிடர்புகை: 68-ஆ? அவர் முதலில் வைத்திருந்தது 67. குறைக்கச் சொன்னது யார்?

கன்ட்ரோல்ரூம்: 40 விநாடிக்கு 67 தப்பு, 22-க்கு 68 சரி. எண்ணைத் தனியாகப் பார்க்காதே தம்பி.

செல்வளர்ப்பன்: போட்டுப் பார்த்தேன். கதவு மூடியபின் 5.3 வரை போய்த் திரும்பியது. கதவு சுவிட்ச் நாளைக்குத்தான் வருகிறது, அதுவரை கதவைத் திறக்கும் முன் நானே கையால் நிறுத்துகிறேன். இன்று காலை ஒரு தடவை மறந்தும் போனேன்: 6.1.