மறு: ‘மரபணு மாற்றம்’ வேண்டாம், ‘இடைத்திரிபு’ சரிவருமா?

மதுரையிலிருந்து வணக்கம். ‘மியூட்டேஷன்’ (மரபணுவின் எழுத்து வரிசையில் நேரும் மாற்றம்) என்பதற்கு ‘இடைத்திரிபு’ சரிவருமா என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பாடநூலில் ‘சடுதிமாற்றம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாள்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. போன மாதம் திருமங்கலம் பக்கத்துப் பருத்தி விவசாயி ஒருவர் மகனோடு வந்திருந்தார். மகனுக்கு 31 வயது, பீடி, சிகரெட் தொட்டதில்லை, நுரையீரலில் புற்று. ‘மரபணு மாற்றம் உள்ளது’ என்று தாளில் எழுதியது நான்தான். பெரியவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “பி.டி. பருத்தி போட்டேனே, அதனாலா தம்பி?” என்றார். அதுவும் ‘மரபணு மாற்றிய’ பருத்திதானே. கூட வந்த மகளுக்கு வேறு பயம்: ‘மரபு’ என்றால் தனக்கும் உண்டோ, வரன் பார்க்கும் நேரத்தில் இதை எப்படிச் சொல்வது என்று. அதற்கென்றே மாத்திரை இருக்கிறது என்பதைச் சொல்லும் முன்பே இருவரையும் கலங்கடித்துவிட்டேன்.

‘சடுதி’யும் உதவாது. என்றைக்குத் திடீரென்று வந்தது என்று கேட்பார்கள்.

> ஈழத்து வழக்கில் ‘விகாரம்’ உண்டே?

இங்கே விகாரம் என்றால் அவலட்சணம். ஆனால் நன்னூல் அதை மூன்றாக்குகிறது: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றுகிறது. பொற்குடத்தில் ‘ன்’, ‘ற்’ ஆகத் திரிகிறது. மரவேரில் ‘ம்’ கெடுகிறது. நுரையீரல் புற்றில் அடிக்கடி மாறும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவிலும் இதே கூத்துதான். 19ஆம் எக்ஸானில் (மரபணுவின் ஒரு பகுதி) சில டி.என்.ஏ. எழுத்துகள் கெடுகின்றன, 21இல் ஓர் எழுத்து திரிகிறது, 20இல் சில புதிதாகத் தோன்றுகின்றன. எனவே பொதுச்சொல் ‘திரிபு’. பெற்றோர் வழி வந்தால் ‘பிறவித்திரிபு’; பிறந்த பின் கட்டியின் செல்களில் மட்டும் வந்தால் ‘இடைத்திரிபு’.

அந்தப் பையனுக்கு இருப்பது ஏ.எல்.கே. என்ற இன்னொரு மரபணுவில் நேர்ந்த திரிபு. இளவயதினரிடம் கூடுதலாகக் காணப்படும் இது மூன்றிலும் அடங்காது. 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது: இரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்ப, விலகியிருந்த இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. ‘ஒட்டுத்திரிபு’ என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். ‘ஒட்டு ரகம்’ என்று பெரியவர் மறுபடி பருத்திக்காட்டுக்கே போய்விடுவார். ‘புணர்ச்சி’ என்று புலவர்கள் யாரும் முன்மொழிய வேண்டாம். குடும்பத்தார் முன்னால் இதைச் சத்தமாக வாசிப்பவன் நான். ‘இணைதிரிபு’ என்று வைத்திருக்கிறேன்.

திருத்திய வரி: ‘கட்டியில் இணைதிரிபு உள்ளது. இது இடைத்திரிபு, பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, உடன்பிறந்தவர்களுக்கும் தொடராது.’

செவ்வாய்க்கிழமை அவர்கள் வருகிறார்கள். மாற்றுச்சொல் இருந்தால் திங்களுக்குள் எழுதுங்கள்.