அமெரிக்கா கேட்ட 2.88 பில்லியன்: படைவீரர் பணம் என்றால் கேள்வியே கேட்கக்கூடாதா?

கணக்கப்பிள்ளை (வெள்ளவத்தை)

நம் இலங்கை நாடாளுமன்றத்துக்கு வரும் குறைநிரப்பு மதிப்பீடுகளை, அதாவது ஒதுக்கிய பணம் போதாமல் ஆண்டு நடுவில் கூடுதலாகக் கேட்பதை, பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "அங்கவீனமுற்ற படைவீரருக்குப் போகிற காசு என்றால் வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கவேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தனி இழை.

2024 ஜூலையில் அமெரிக்கப் படைவீரர் விவகாரத் திணைக்களம் காங்கிரஸிடம் போய் நின்றது. செப்டெம்பர் 30இல் நிதியாண்டு முடிய மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. உதவித்தொகைக் கணக்கில் 2.88 பில்லியன் டொலர் துண்டுவிழுகிறது, செப்டெம்பர் 20க்குள் தராவிட்டால் ஒக்டோபர் 1இல் சுமார் 70 இலட்சம் பேரின் கொடுப்பனவு தாமதமாகலாம் என்றது. தேர்தல் வருடம். எந்த உறுப்பினர் எதிர்த்து வாக்குப் போடுவார்? 17ஆம் திகதி பிரதிநிதிகள் சபை, 19ஆம் திகதி செனட், 20ஆம் திகதி பைடனின் கையெழுத்து.

பிறகு என்ன தெரியவந்தது? அந்தப் பணம் தேவைப்படவே இல்லை. சுமார் 5 பில்லியன் டொலர் மிஞ்சி அடுத்த ஆண்டுக்குப் போனது. கழித்துப் பாருங்கள்: ஒரு சதம்கூடக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் 2 பில்லியனுக்கு மேல் கையில் இருந்திருக்கும். அதே நேரம் மருத்துவச் செலவுக்கு 12 பில்லியன் வேண்டும் என்று கேட்டார்களே, அதுவும் பின்னர் 6.6 பில்லியனாக இறங்கியது.

அரச கணக்காய்வில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். "இன்றே தராவிட்டால் நாளை பிரளயம்" என்று வரும் கோப்பைத்தான் முதலில் விரித்துப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் மேசையில் எழுதாத விதி.

கிளிநொச்சி சுதா

ஐயா, அரைவாசிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறியள். ஏன் அந்த மதிப்பீடு பிழைச்சது எண்டதையும் சொல்லோணும்.

2022 ஓகஸ்ட் 10 அண்டு அங்கை பாக்ட் சட்டம் வந்தது. ஈராக்கிலையும் ஆப்கானிஸ்தானிலையும் படைமுகாம் குப்பையைத் திறந்த குழியிலை போட்டு எரிச்சவை. அந்தப் புகையைச் சுவாசிச்சவைக்குப் பிறகு புற்றுநோய், மூச்சு வருத்தம். வியட்நாமிலை தெளிச்ச ஏஜென்ட் ஒரேஞ்ச் எண்ட நச்சுக் களைகொல்லியின்ரை கதை அதுக்கும் முந்தினது. முன்னம் ஒவ்வொருத்தரும் "என்ரை நோய் அந்தப் புகையாலைதான்" எண்டு தானே நிரூபிக்கோணும். இந்தச் சட்டம் வந்த பிறகு, குறிப்பிட்ட இடத்திலை வேலை செய்தவருக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால் சேவையாலை வந்தது எண்டே எடுத்துக்கொள்ளுவினம். உடனை விண்ணப்பம் வெள்ளமாய் வந்தது. 2024 நிதியாண்டிலை மட்டும் 25 இலட்சத்துக்கு மேலை இயலாமைக் கோரிக்கையளைத் தீர்த்திருக்கினம். அவையின்ரை வரலாற்றிலேயே அதுதான் கூட.

ஏத்துக்கொண்ட கோரிக்கைக்கு 0 வீதத்திலை இருந்து 100 வீதம் வரைக்கும் ஒரு இயலாமைத் தரம் போடுவினம். 2024இல் 10 வீதக்காரருக்கு மாசம் 171 டொலர். 100 வீதம், தனி ஆள் எண்டால் 3,737 டொலர். எத்தினை பேர் வருவினம், என்ன தரம் கிடைக்கும், பழைய நிலுவை எவ்வளவு எண்டு ஜூலையிலை உக்காந்து சரியாய்ச் சொல்ல உங்கடை கணக்காய்வுத் திணைக்களத்தாலை ஏலுமே?

இன்னொண்டு. கணக்கிலை ஒரு டொலர் குறைஞ்சாலும் அந்த மாசக் கொடுப்பனவைத் திறைசேரிக்கு அனுப்பேலாது எண்டது திணைக்களத்தின்ரை விளக்கம். சட்டம் ஒதுக்காத காசை அவையள் தொடேலாது. அப்ப கொஞ்சம் கூடக் கேக்கத்தானே செய்வினம்?

இளவல்

3,737 டொலர்னா நம்ம காசுல 11 இலட்சத்துக்குக் கிட்ட. மாசத்துக்கு! 🙂

கணக்கப்பிள்ளை (வெள்ளவத்தை)

சுதா பிள்ளை, கூடக் கேட்பது வேறு, தேவையில்லாத இடத்தில் கேட்பது வேறு. பாதுகாப்புக்காக ஒரு பங்கு கூட்டி வைப்பது எல்லாத் திணைக்களமும் செய்வதுதான். ஆனால் 2.88 குறை என்று சொல்லி 5 மிச்சம் காட்டினால் இடைவெளி எட்டு பில்லியனுக்குக் கிட்ட வருகிறது, கொடுத்ததைக் கழித்தாலும் ஐந்து. இதற்குப் பெயர் முன்னெச்சரிக்கையா?

காங்கிரஸும் அதை உணர்ந்துதான் பணத்தோடு ஒரு கடிவாளமும் போட்டது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே, எப்படித் துண்டுவிழுந்தது என்று திணைக்களம் அறிக்கை தரவேண்டும், அதன் பரிசோதகர் நாயகம் தனியாக ஆராயவேண்டும் என்று எழுதினார்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான். கொடு, கொடுத்த கையோடு கணக்கையும் கேள். நம் ஊரில் இரண்டாவது பாதி நடப்பதில்லை.

நேர்கோடு

எனக்கு ஒன்று விளங்கவில்லை. அமெரிக்கப் படைக்காரனுக்கு எவ்வளவு போனால் நமக்கென்ன? இங்கேயுள்ள படைக்காரனுக்கு எவ்வளவு போனாலும் நமக்கென்ன? தமிழர் உட்கார்ந்து விவாதிக்கிற விசயமா இது?

மருதானை நானா

தம்பி நேர்கோடு, வற் நீங்களும் கட்டுறீங்க, நானும் கட்டுறேன். அந்தக் காசு எங்க போகுதுன்னு கேக்க இனம் பாக்கத் தேவையில்ல.

2017 நவம்பர்ல கொழும்பு கோட்டையில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? 12 வருசச் சேவை முடியிறதுக்கு முன்னுக்கே காயம்பட்டு வெளிய அனுப்பின இராணுவக்காரங்க, எங்களுக்கும் ஓய்வூதியம் தாங்கன்னு ஜனாதிபதி செயலகப் பக்கம் வந்து நின்னாங்க. ஊன்றுகோலோட வந்தவங்களும் இருந்தாங்க. பொலிஸ் கண்ணீர்ப்புகை அடிச்சது. "ரணவிரு", அதாவது போர் வீரர்னு மேடையில கூப்பிட்டவங்கதான் அப்ப நாடாளுமன்றத்துல ரெண்டு பக்கமும் இருந்தாங்க. 1999லயே ரணவிரு சேவா அதிகாரசபைக்குச் சட்டம் இருக்கு, அனுராதபுரத்துல காயம்பட்ட படைவீரரைப் பராமரிக்கிற அபிமன்சல மாதிரி இடங்களும் இருக்கு. ஆனா அப்ப சேவைக்காலம் போதாதுன்னு சொன்னா கதை முடிஞ்சது. காலு போனது ஆறாவது வருசமா பதிமூணாவது வருசமான்னு கண்ணிவெடி பாத்தா வெடிச்சிச்சு?

நேர்கோடு

நானா, அவர்களுக்காவது போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் முன்னாள் போராளிகளுக்கு இடமில்லை. முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டுக் கை போன சாதாரண சனத்துக்கும் இடமில்லை. இதைச் சொன்னால் இனம் பார்க்கிறேனாம்.

மட்டுறுத்துநர்

2009ஐ யார் எப்படிப் பார்க்கவேண்டும் என்ற விவாதத்துக்கு இங்கே ஏற்கெனவே மூன்று இழைகள் திறந்திருக்கின்றன. இங்கே நிதியைப் பற்றி மட்டும்.

கிளிநொச்சி சுதா

மட்டு, இது நிதி விசயம்தான். நேர்கோடு தொட்டதைத்தான் நானும் சொல்ல வந்தன்.

கணக்கப்பிள்ளை ஐயா, அமெரிக்காவிலை ஏன் குறைநிரப்பு கேக்கவேண்டி வந்தது? சட்டப்படி தகுதி உள்ள எல்லாருக்கும் குடுத்தே ஆகோணும். ஆள் கூடினால் காசும் கூடோணும், வேறை வழியில்லை. எங்கடை பக்கம் பாருங்கோ. குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளியளுக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டத்திலை 7,500இல் இருந்து 10,000 ரூபா ஆக்கினவை. நல்லது. ஆனால் ஒதுக்கின காசு முடிஞ்சால் என்ன நடக்கும்? திறைசேரி பதறிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு ஓடுமே? ஓடாது. பிரதேச செயலகத்திலை உங்கடை பேரைக் காத்திருப்போர் பட்டியலிலை எழுதுவினம். ஆரும் செத்து இடம் வந்தால்தான் அடுத்த ஆள்.

என்ரை பெரியம்மாவின்ரை பேர் அப்பிடி ஒரு பட்டியலிலை இருந்தது. கிராம சேவகர் நல்ல மனிசன், ஒவ்வொரு முறையும் "பாப்பம் அம்மா" எண்டுதான் அனுப்புவார். பட்டியல் நீண்டால் எந்தப் புத்தகத்திலையும் துண்டுவிழாது ஐயா. அங்கை துண்டுவிழுந்தது எண்டால் அங்கை உரிமை இருக்கு எண்டு அர்த்தம். நீங்கள் அதைக் குறையாய்ச் சொல்லுறியள், எனக்கு அது பொறாமையாய்க் கிடக்கு.

இளவல்

அக்கா சொன்னது சரியா இடத்துல போய்க் குத்துது. ஒரு விசயம் மட்டும் சேர்க்கிறேன். இங்க எல்லாத்துக்கும் குறைநிரப்பு மதிப்பீடு தேவைப்படுறதும் இல்ல. தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களத்துக்கு ஒதுக்கின பணத்துல இருந்து வேற அமைச்சுக்கு மாத்திட்டு, பிறகு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை வைக்கலாம். வருசா வருசம் வர்ற ஒதுக்கீட்டுச் சட்டத்துலயே அதுக்கு வழி இருக்கு. அப்ப "பணம் முடிஞ்சிருச்சு"ங்கிறது முடிவு மட்டுந்தான், விதி இல்ல. எந்தத் தலைப்புக்கு மாத்துறாங்கன்னு பாத்தா அரசாங்கத்துக்கு யார் முக்கியம்னு தெரிஞ்சிடும்.

கணக்கப்பிள்ளை (வெள்ளவத்தை)

சுதா பிள்ளை சொல்வதில் உணர்ச்சி இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் முடிவு பிழை. உரிமை என்று எழுதிவிட்டால் மட்டும் பணம் வந்துவிடாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்த நாடு இது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு நான்கு ஆண்டுத் திட்டம், ஏறத்தாழ 3 பில்லியன் டொலர். அந்த முழுத்தொகையையும் அமெரிக்கா ஒரு உதவித்தொகைக் கணக்கின் துண்டுக்காக மூன்று நாளில் ஒதுக்கியது, தேவைப்படாமலே! அவர்கள் தங்கள் நாணயத்திலேயே கடன் வாங்குகிறவர்கள், தாங்குவார்கள். நாம் அந்த மாதிரியில் எழுதினால் அடுத்த நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவதும் அதே கொடுப்பனவுதான்.

போர்ச் செலவு போரோடு முடிவதில்லை என்பதையும் மறக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதில் பிறந்த கடைசி ஓய்வூதியம், ஒரு வீரரின் மகளுக்கு, மாதம் 73 டொலர் 13 சதம், 2020இல் அவர் இறக்கும்வரை போனது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல்! நம் போர் முடிந்தது 2009இல்.

கிளிநொச்சி சுதா

அதுதானே ஐயா நானும் சொல்லுறன். 73 டொலரை நூற்றைம்பது வருசம் கழிச்சும் நிப்பாட்டேல்லை. இருபது வருசம்கூட ஆகேல்லை, நாங்கள் பட்டியல் போட்டு வைச்சிருக்கிறம்.

நேர்கோடு

😐

மருதானை நானா

வாதம் நல்லா போகுது, ஆனா யாருக்காவது பட்டியல்ல எத்தன பேர்னு தெரியுமா? தெரியாமத்தான் எல்லாரும் பேசுறோம். 2016ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கே. கொழும்பு மாவட்டச் செயலகத்துக்கு ஒண்ணு, கிளிநொச்சிக்கு ஒண்ணு, ரணவிரு சேவா அதிகாரசபைக்கு ஒண்ணு போடுவோம். காத்திருக்கிறவங்க எத்தன, கடைசி மூணு வருசம் ஒதுக்கினது எவ்வளவு, மிஞ்சினது எவ்வளவு. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையான்னு முடிவு சொல்லணும்.

கணக்கப்பிள்ளை (வெள்ளவத்தை)

கேள்விகளை நான் எழுதித் தருகிறேன். "மிஞ்சியது" என்று மட்டும் கேட்காதீர்கள் நானா. திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு, வேறு தலைப்புக்கு மாற்றியது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பிவிடுவார்கள். ஒன்று சொல்லிவைக்கிறேன்: எண்கள் வந்த பிறகும் குறைநிரப்பைப் பற்றிய என் கருத்து மாறப்போவதில்லை.

கிளிநொச்சி சுதா

மாறாட்டிலும் பரவாயில்லை ஐயா, எழுதித் தாங்கோ. கிளிநொச்சிப் படிவத்தை என்ரை பேரிலை போடுறன். காத்திருக்கிற ஆக்களிலை எத்தினை பேர் போரிலை காயப்பட்டவை எண்டும் ஒரு வரி சேருங்கோ.

இளவல்

அந்தப் பிரிப்பு அவங்ககிட்ட பதிவுல இருக்குமாங்கிறதே சந்தேகம் அக்கா. இல்லன்னு எழுத்துல வந்தா அதுவும் ஒரு பதில்தான். கொழும்புப் படிவம் நான் போடுறேன். நானா, ரணவிரு உங்களுக்கு.